ஆர்ப்பாட்டத்தில் முகங்களைப் படமெடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பு கோட்டை புகையிரத நிலையத்தின் முன்னால், உச்சி வெயிலில், காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தை நெஞ்சோடு பிடித்திருந்த ஓர் அம்மாவைப் படமெடுத்தேன். நரைமுடி, கன்னத்துச் சுருக்கம் எல்லாம் துல்லியம். பெருமையோடு கமராத் திரையைக் காட்டினேன். “என் பிள்ளையின் முகம் எங்கே, தம்பி?” என்றார். லமினேட் தாளில் வெயில் தெறித்து, முகம் இருந்த இடத்தில் வெள்ளைத் திட்டு. அந்த முகத்துக்காகத்தான் அவர் அங்கே நின்றார்.

படத்தின் மேல்விளிம்பைச் சற்று முன்னால் சரிக்கச் சொல்லுங்கள். அல்லது நீங்கள் ஓரடி விலகுங்கள், பளபளப்பு போய்விடும். லென்ஸின் துளையை எஃப்/1.8 என அகலத் திறந்து பின்னணியைக் கரைக்கும் ஆசையும் இங்கே உதவாது. அம்மாவின் கண்ணும் கையிலுள்ள படமும் ஒரே தூரத்தில் இல்லை. துளையைச் சுருக்கி எஃப்/8 வைத்தால் இருவரும் தெளிவார்கள்.

அடுத்தது, கோஷமிடும் வாய்மேல் உள்ள மோகம். ஜனாதிபதியைப் பதவி விலகக் கோரி 2022 ஏப்ரல் 9 முதல் கொழும்புக் கடற்கரையிலுள்ள காலிமுகத்திடலில் நடந்த போராட்டத்தில் எத்தனை முஷ்டிகள் படமாகின! வேலை முடிந்து அலுவலகப் பையோடு வந்து நின்றவர்களை எடுத்தவர்கள் குறைவு. கோஷம் ஓயும்வரை பொறுங்கள். மாலையில் கடலை முதுகுக்குப் பின்னால் வைத்து நிற்பவரின் முகம் கரியாகிவிடும். கொஞ்சம் திரும்பச் சொல்வதில் வெட்கமில்லை.

கேட்காமல் வெளியிடுவதை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன். 2022 ஜூலையில் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்த போராட்டக்காரர்கள் உற்சாகமாக எடுத்த காணொளிகளே பிறகு அவர்களைப் பொலிசாருக்கு அடையாளம் காட்டின. வன்னியிலிருந்து பஸ்ஸில் வந்தவர் ஊர் திரும்ப வேண்டும். அங்கே புலனாய்வாளர்கள் வீடு தேடி வருவது புதிதல்ல. கமராவைப் பார்த்துச் சிரித்தார் என்பது சம்மதமாகாது. எங்கே வெளிவரும் என்பதை அவருடைய மொழியில் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அவர் கண்முன்னே அழியுங்கள். கோப்பில் ஒட்டியிருக்கும் இடத்தகவலையும் நீக்குங்கள்.

படக்குறிப்பிலும் சறுக்குகிறோம். 2018 ஒக்டோபரில் தோட்டத் தொழிலாளர்களுக்கு 1000 ரூபாய் நாட்சம்பளம் கேட்டுக் காலிமுகத்திடலில் கறுப்புடையில் திரண்டவர்களில் கொழும்பில் வேலை செய்யும் மலையக இளைஞர்கள் பலர். அவர்களை எல்லாம் ‘தோட்டத் தொழிலாளி’ என்று எழுதுவது சோம்பல். காணாமல் ஆக்கப்பட்டவரை ‘காணாமல்போனவர்’ என்று எழுதினால், தானாகவே எங்கோ போனவர் போலாகிவிடுகிறது.

படம் அனுப்புகிறேன் என்று சொன்னால் அனுப்புங்கள். அந்த அம்மாவிடம் கைபேசி இல்லை. வேறொரு நாள் மீண்டும் எடுத்து, வெள்ளவத்தையில் பிரதி போட்டுத் தபாலில் சேர்த்தேன். இம்முறை இரண்டு முகங்களும் இருந்தன.