வாரிசு கிளாஸை எக்ஸ்எம்எல் ஆக்கும்போது எரர் வருகிறதா?

‘வடிவம்’ என்று ஒரு பேஸ் கிளாஸ், அதன் வாரிசுகளாக ‘வட்டம்’, ‘சதுரம்’. வடிவங்களின் லிஸ்ட்டில் ஒரு வட்டத்தைப் போட்டு, சி ஷார்ப்பின் எக்ஸ்எம்எல்சீரியலைசரிடம் (ஆப்ஜெக்ட்டை எக்ஸ்எம்எல்லாக எழுதி, திரும்பப் படித்துத் தரும் கிளாஸ்) கொடுக்கிறீர்கள். எக்ஸ்எம்எல் உருவாக்குவதில் பிழை என்று ஒற்றை வரி சொல்லி நின்றுவிடுகிறது.

முதலில் இன்னர் எக்செப்ஷனை, அதாவது அந்த எரருக்குள் ஒளிந்திருக்கும் மூல எரரைத் திறங்கள். சில சமயம் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மூன்று அடுக்கு இருக்கும். கடைசி வரை போங்கள். ‘வட்டம் என்ற டைப்பை எதிர்பார்க்கவில்லை, எக்ஸ்எம்எல்இன்க்ளூட் போடு’ என்று மருந்தும் அங்கேயே இருக்கும். லிஸ்ட்டில் ‘வடிவம்’ என்றுதானே அறிவித்தீர்கள்? அதற்கு வாரிசுகள் யார் யார் என்று சீரியலைசர் தானாகத் தேடிப் போகாது.

அடுத்து, பேஸ் கிளாஸின் தலைக்கு மேல் இதை எழுதுங்கள்:

[எக்ஸ்எம்எல்இன்க்ளூட்(டைப்ஆஃப்(வட்டம்))]

ஒவ்வொரு வாரிசுக்கும் ஒரு வரி. எல்லாம் பப்ளிக் கிளாஸாகவும், பாராமீட்டர் இல்லாத கன்ஸ்ட்ரக்டர் உள்ளதாகவும் இருக்கட்டும். மறுபடி ஓட்டினால் ஃபைலில் இப்படி வரும்:

<வடிவம் எக்ஸ்எஸ்ஐ:டைப்="வட்டம்">

இந்த அட்ரிபியூட்டில்தான் உயிர் இருக்கிறது. ‘தேவையில்லாத குப்பை’ என்று நினைத்து யாராவது நீக்கிவிட்டால், திரும்பப் படிக்கும்போது வட்டம் வெறும் வடிவமாக வரும். பேஸ் கிளாஸ் அப்ஸ்ட்ராக்ட் என்றால் எரராவது வரும். இல்லையென்றால் எரரே வராது. வட்டத்தில் இருந்த ஆரம் மட்டும் காணாமல் போயிருக்கும். தெரியாத எலிமென்ட்டைச் சீரியலைசர் சத்தமில்லாமல் தாண்டிப் போவதுதான் காரணம். எனக்கு எரரை விட இதுதான் பயம். அதனால் அன்நோன்எலிமென்ட் ஈவென்ட்டில் ஒரு லாக் வரி எழுதாமல் நான் எதையும் படிப்பதில்லை.

எழுதுவது சரியாக நடந்து, படிக்கும்போது மட்டும் (2, 2) என்ற இடத்தில், அதாவது இரண்டாம் வரி, இரண்டாம் எழுத்தில் எரர் வந்தால், எல்லாவற்றுக்கும் வெளியே இருக்கும் ரூட் எலிமென்ட்டைப் பாருங்கள். பெரும்பாலும் எழுதும்போது டைப்ஆஃப்(வட்டம்), படிக்கும்போது டைப்ஆஃப்(வடிவம்) கொடுத்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் பேஸ் டைப்பையே கொடுங்கள்.

பேஸ் கிளாஸ் வேறொருவருடைய லைப்ரரியில் இருந்தால்? வாரிசு டைப்களைச் சீரியலைசரின் கன்ஸ்ட்ரக்டரிலேயே கூடுதல் டைப்களாக அனுப்பலாம். ஆனால் அப்படி உருவாக்கும் சீரியலைசரை டாட்நெட் கேஷ் செய்யாது, அதாவது மறுபடி பயன்படுத்த எடுத்து வைக்காது. ஒவ்வொரு முறை உருவாக்கும்போதும் ஒரு புது அசெம்ப்ளி மெமரியில் ஏறும். ஒரே ஒரு முறை உருவாக்கி, ஸ்டாட்டிக் வேரியபிளில் வைத்துக்கொள்ளுங்கள்.