குட்டி யானையில் சைக்கிள் ஏற்றிச் செல்வது எப்படி: காசிமேட்டிலிருந்து பொன்னேரி வரை

வடசென்னையில் குடியிருந்துகொண்டு பழவேற்காட்டுப் பக்கம் சைக்கிள் மிதிக்க விரும்புகிறவர்களுக்குத் தொலைவு பெரிய தடையன்று; நடுவில் உள்ள சாலைதான் தடை. சுங்கச்சாவடியைத் தாண்டியது முதல் மீஞ்சூர் வரை, துறைமுகங்களுக்குச் சரக்கு கொண்டு போகும் கன்டெய்னர் ட்ரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும் அந்தச் சாலைகளில் பள்ளிப் பிள்ளைகளைச் சைக்கிளில் அழைத்துப் போக எனக்குத் துணிவில்லை. பொன்னேரிக்கு அப்பால் வயல்களுக்கு நடுவே போகும் ஏறத்தாழ 20 கி.மீ. சாலைதான் மிதிப்பதற்கு ஏற்றது. ஆகையால் பொன்னேரி வரை சைக்கிள்களை வாடகைச் சரக்கு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, நாங்கள் மின்சார ரயிலில் போய் இறங்கி, அங்கிருந்து மிதிப்பது எங்கள் குடும்பத்தில் சில ஆண்டுகளாக உள்ள வழக்கம். அந்த அனுபவத்திலிருந்து கற்றவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதல் பயணத்தில் நாங்கள் பயந்தது சைக்கிள் கீழே விழுந்துவிடுமோ என்றுதான். நைலான் கயிற்றால் சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டினோம். “ஒண்ணும் ஆவாது சார், நான் பாத்துக்கிறேன்” என்று ஓட்டுநரும் தைரியம் சொன்னார். அவர் சொன்னபடி எதுவும் விழவில்லை, கயிறும் தளரவில்லை. ஆனால் பொன்னேரியில் இறக்கிப் பார்த்தபோது, என் மைத்துனருடைய புதுச் சைக்கிளின் மேல் குழாயில் இரண்டு விரல் அகலத்துக்குப் பெயின்ட் போய் இரும்பு தெரிந்தது. பக்கத்துச் சைக்கிளின் பிரேக் கைப்பிடி, ஒன்றரை மணி நேரம் அதே இடத்தில் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. வண்டியில் ஏற்றிய சைக்கிள் விழுந்து கெடுவது அரிது, உரசித்தான் கெடும் என்பது அன்று புரிந்தது. கீழே சொல்லப்போகும் ஏற்பாடுகள் பெரும்பாலும் இரும்பும் இரும்பும் தொடாமல் பார்த்துக்கொள்வதற்கானவை.

வண்டியைத் தேர்ந்தெடுத்தல்

2005-இல் டாடா ஏஸ் சந்தைக்கு வந்தது முதல், அந்த அளவுள்ள சிறு சரக்கு வண்டிகள் எல்லாவற்றுக்கும் குட்டி யானை என்ற பெயர் நிலைத்துவிட்டது. அதன் பாடி ஏறக்குறைய 7 அடி நீளமும், 5 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும், பக்கப் பலகை ஓர் அடி உயரமும் கொண்டது. ஒரு சைக்கிள் 6 அடியும் சில அங்குலமும் நீளம் என்பதால் நீளவாட்டில் நிற்க வைக்கலாம், பின்கதவையும் மூடிக்கொள்ளலாம். எடை ஒரு பொருட்டே அன்று. கேரியர், டபுள் ஸ்டாண்டு எல்லாம் உள்ள பழைய வகைச் சைக்கிள் 20 கிலோவுக்கு மேலிருந்தாலும், ஐந்தைச் சேர்த்தாலும் ஒரு பெரிய பீரோவின் எடைதான் வரும். உண்மையில் எடை குறைவாக இருப்பதே ஒரு தொல்லை. காலி வண்டிபோலப் பள்ளங்களில் துள்ளும்.

வாடகை பேசும்போதே, முந்தின நாள் அந்த வண்டி என்ன ஏற்றியது என்று கேட்டுவிட வேண்டும். காசிமேடு, ராயபுரம் பகுதியில் கிடைக்கும் வண்டிகளில் பல விடியற்காலையில் மீன் ஏற்றியவையாக இருக்கும். மீன் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீரில் உப்பு உண்டு. அது பாடியின் பள்ளங்களில் தேங்கியிருந்து, வண்டி குலுங்கும்போது செயினிலும் ரிம்மிலும் தெறித்தால் இரண்டு நாளில் துரு தெரியும். நல்ல தண்ணீரில் பாடியைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னால் யாரும் மறுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் மீன் வாங்க வரும் கூட்டத்தால் காசிமேட்டுச் சாலை அடைபட்டுக் கிடக்கும் என்பதால், அன்று வண்டியைப் பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் வரவழைத்து ஏற்றிக்கொள்வது நல்லது.

எத்தனை சைக்கிள்?

நான்கு தாராளமாக நிற்கும். ஐந்தாவதுக்கு ஹேண்டில்பாரைத் தளர்த்தித் திருப்ப வேண்டும். அதற்கு மேல் ஏற்ற வேண்டாம்.

இந்தக் கணக்கைத் தீர்மானிப்பது டயரின் அகலமன்று, ஹேண்டில்பாரின் அகலம். சாதாரண ஹேண்டில்பார் இரண்டடி அகலம். நடுவிலிருந்து பக்கத்துக்கு ஓரடி நீளும். பக்கப் பலகையோ ஓரடி உயரம் மட்டுமே. ஆக, ஓரத்துச் சைக்கிளைப் பலகையை ஒட்டி நிறுத்தினால் ஹேண்டில்பார் பலகைக்கு மேலே வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். சரக்கு வண்டியின் பாடியைத் தாண்டிப் பக்கத்தில் நீட்டக் கூடாது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆவது பிரிவில் இதற்கு அபராதம் 20,000 ரூபாய். அபராதம் ஒருபுறமிருக்க, எண்ணூர் சாலையில் ட்ரெய்லர்கள் உரசுவதுபோலக் கடந்து போகும்போது ஒரு கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை நினைத்தாலே போதும்.

எனவே ஐந்து ஏற்றுவதாக இருந்தால், இரு ஓரத்துச் சைக்கிள்களின் ஹேண்டில்பாரை மட்டும் குழாய்க்கு இணையாகத் திருப்பிவிட வேண்டும். முன்சக்கரத்தோடு சேர்த்துத் திருப்பினால் பயனில்லை. ஹேண்டில் ஒடுங்கும், சக்கரம் குறுக்கே நிற்கும். பழைய வகைச் சைக்கிளில் ஹேண்டிலின் நடுத்தண்டின் உச்சியில் உள்ள போல்ட்டை இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தி, அதன் தலைமேல் ஒரு மரத்துண்டை வைத்து லேசாகத் தட்டினால் உள்ளே இருக்கும் ஆப்பு விடுபட்டு ஹேண்டில் தனியே திரும்பும். புதிய வகையில் நடுத்தண்டின் பக்கவாட்டில் உள்ள இரண்டு போல்ட்டுகளை மட்டும் எல் கீயால் தளர்த்த வேண்டும். மேலே மூடிபோல் இருக்கும் போல்ட்டைத் தொடக் கூடாது, அது பேரிங்கின் இறுக்கத்துக்கானது. ஒயருக்குப் பதிலாகக் கம்பி பிரேக் உள்ள சைக்கிளின் ஹேண்டில் இப்படித் திரும்பாது. ஆகவே அதை எப்போதும் நடுவில் நிறுத்த வேண்டும்.

நிறுத்தும் வரிசை

ஒன்று முன்பக்கம் பார்த்தால் அடுத்தது பின்பக்கம் பார்க்க வேண்டும். அப்போது ஒன்றின் ஹேண்டில் அடுத்ததன் கேரியருக்கு மேலே போய் அமரும், இடம் மிச்சமாகும். முதலாவதும் மூன்றாவதும் ஒரே திசையில் நிற்பதால் அவற்றின் கைப்பிடி நுனிகள் இடிக்க வாய்ப்புண்டு; மூன்றாவதை ஒரு சாண் பின்னால் தள்ளிவிட்டால் தீர்ந்தது.

இந்த மாற்று வரிசையில் பலரும் கவனிக்காத ஒரு சங்கதி உண்டு. செயின் எல்லாச் சைக்கிளிலும் வலப்பக்கம்தான். முதல் சைக்கிள் முன்னோக்கியும் இரண்டாவது பின்னோக்கியும் நிற்கும்போது, வரிசை இடமிருந்து தொடங்கினால், இரண்டின் செயின் பக்கங்களும் எதிரெதிரே வந்துவிடும். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் செயினில்லாத பக்கங்கள் சந்திக்கும். அதாவது முதல் இடைவெளி ஆபத்தானது, இரண்டாவது சாது, மூன்றாவது மறுபடி ஆபத்தானது. அந்த ஆபத்தான இடைவெளியில் ஒன்றின் பின்சக்கரத்துக்கு எதிரே மற்றதன் முன்சக்கரம் நிற்பதால், கியர் சைக்கிளாக இருந்தால் பின்னால் தொங்கும் கியர் மாற்றி (மெக்கானிக்குகள் ஆர்.டி. என்பார்கள்) நேராகப் பக்கத்துச் சக்கரத்தின் போக்ஸ் கம்பிகளுக்குள் நுழையும். வண்டி ஒரு முறை குலுங்கினால் ஆர்.டி. தாங்கும் துண்டு வளைந்துவிடும், கம்பியும் போகும். இதைத் தவிர்க்க, ஏற்றுவதற்கு முன் பின்கியரை எல்லாவற்றிலும் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றிவிட்டால் ஆர்.டி. உள்ளே ஒடுங்கிக்கொள்ளும். பிறகு அந்த இடைவெளியில் ஒரு கெட்டி அட்டையைச் செருகிக் கட்ட வேண்டும்; டி.வி. வந்த பெட்டியின் அட்டை சரியான அளவு.

பெடல்களைப் பற்றி ஒரு சொல். வாய்ப்பிருந்தால் ஆபத்தான இடைவெளிப் பக்கம் உள்ள பெடல்களைக் கழற்றிவிடுவதே மேல். 15 எண் ஸ்பேனர் வேண்டும். இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழானது என்பதால், கழற்றுவதாக எண்ணி இறுக்கிவிடுகிறவர்கள் அநேகம். நினைவில் வைக்க எளிய வழி: ஸ்பேனரின் பிடி மேல்நோக்கி இருக்கும்படி மாட்டி, எந்தப் பக்கமானாலும் பின்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் கழலும்.

மெத்தையும் கட்டும்

முதலில் ஈரத்துணியால் குழாய்களைத் துடைக்க வேண்டும். இதை வீண் வேலை என்று நினைக்கக் கூடாது. எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கத்துக் காற்றில் நிலக்கரித் தூளும் சாலை மண்ணும் எப்போதும் உண்டு. தூசி படிந்த குழாயின்மேல் மெத்தையைச் சுற்றிக் கட்டினால், அந்த மெத்தையே உப்புத்தாளாகிப் பெயின்ட்டைத் தேய்க்கும்.

மெத்தைக்கு நான் பயன்படுத்துவது, ஏ.சி. பொருத்துகிறவர்கள் செம்புக் குழாய்க்குப் போடும் கருப்பு ஸ்பாஞ்சுக் குழாய். நீளவாட்டில் பிளேடால் கீறினால் சைக்கிள் குழாயில் அப்படியே கவ்விக்கொள்ளும். அது இல்லாவிட்டால் பழைய கோணி போதும். பாடியின் தரையிலும் கோணியோ ரப்பர் பாயோ விரிக்க வேண்டும். பழைய பிளெக்ஸ் பேனரை விரிக்க வேண்டாம், டயர் அதன்மேல் சறுக்கும்.

கட்டுவதற்குச் சிறந்தது சைக்கிள் கடையில் தூக்கிப்போடும் பழைய டியூப். நீளவாட்டில் இரண்டாக வெட்டினால் இரண்டு பட்டைகள் கிடைக்கும். ரப்பர் உரசாது, நழுவாது, குலுங்கும்போது சற்றே நீண்டு மறுபடி பிடித்துக்கொள்ளும். ஆனால் நீளும் குணம் இருப்பதால் டியூபை மட்டும் நம்பக் கூடாது. சைக்கிளைச் சைக்கிளோடு பிணைக்க டியூப், வண்டியோடு பிணைக்கக் கயிறு என்று பிரித்துக்கொள்ள வேண்டும். தேங்காய் நார்க் கயிறு அரம்போல் அறுக்கும். நைலான் கயிறு நனைந்தால் நீண்டு தளரும். ராட்செட் பெல்ட் (பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் பட்டை) கையிலிருந்தால் நல்லது, ஆனால் அதன் இழுவிசை நம் கைக்குத் தெரியாது. ஒரு கிளிக் அதிகமாக இறுக்கி மெல்லிய அலுமினியக் குழாயை நசுக்கிவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு சைக்கிளுக்கும் இரண்டு கட்டு: சீட்டுக்குக் கீழே குழாய் சந்திக்கும் இடத்திலிருந்து ஒரு பக்கக் கொக்கிக்கும், ஹேண்டிலுக்குக் கீழுள்ள முன்குழாயிலிருந்து எதிர்ப்பக்கக் கொக்கிக்கும் கயிறு சாய்வாகக் கீழே இறங்க வேண்டும். டயர் தரையில் அழுந்தும்படி இழுத்தால்தான் துள்ளல் அடங்கும். போக்ஸ் கம்பி, பிரேக் ஒயர், மட்கார்டு, கேரியர் ஆகியவற்றில் கயிறு படவே கூடாது. ஸ்டாண்டை மடக்கிவிட வேண்டும்; ஓடும் வண்டியில் சைடு ஸ்டாண்டில் நிற்கும் சைக்கிள் அடுத்ததன்மேல்தான் சாயும். எல்லாம் கட்டி முடித்த பிறகு ஒரு சைக்கிளைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சைக்கிள் மட்டும் ஆடாமல் வண்டியே ஆட வேண்டும்.

தெருவுக்குள் இரண்டு மூன்று சைக்கிள்களை மெக்கானிக்கிடம் கொண்டு போவதென்றால் மீன்பாடி வண்டி (மூன்று சக்கரத் தட்டு வண்டி) போதும். அதில் பக்கப் பலகை இல்லாததால் நிற்க வைக்காமல், செயின் பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வைத்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் கோணி போட வேண்டும்.

வழியில்

கிளம்பும்முன் சைக்கிள்களை நான்கு பக்கமும் செல்போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். வண்டியின் பின்விளக்கும் நம்பர் பிளேட்டும் மறையவில்லையே என்று பாருங்கள். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வருகிறேன் என்று யாரும் பாடியில் ஏறக் கூடாது. பெரியவர் ஒருவர் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து போனால் போதும். எந்தக் கட்டும் முதல் சில கிலோமீட்டரில்தான் அமர்ந்து தளரும். ஆகையால் திருவொற்றியூரில் ஒரு முறை நிறுத்தி எல்லா முடிச்சுகளையும் இறுக்க வேண்டும். பிறகு மீஞ்சூரில் ஒரு முறை. அங்கே டீ குடிக்க நிறுத்துவது ஓட்டுநருக்கும் பிடிக்கும்.

பொன்னேரியில் இறக்கியதும் திருப்பிய ஹேண்டிலை நேராக்கி இறுக்கி, முன்சக்கரத்தைக் கால்களுக்கு நடுவில் கவ்விப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஹேண்டில் தனியாகத் திரும்பினால் இறுக்கம் போதாது. பிரேக்கை இரண்டு முறை பிடித்துப் பார்த்த பிறகே பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும்.

பழவேற்காடு உப்பங்கழி; அங்கே காற்றிலேயே உப்பு உண்டு. திரும்பும்போது அந்த உப்போடு மெத்தையைக் கட்டுவதால், வீடு வந்த அன்றே ஸ்பாஞ்சுக் குழாய்களைக் கழற்றி, சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் விட வேண்டும். டியூப் பட்டைகளையும் அலசி நிழலில் உலர்த்தினால் அடுத்த பயணத்துக்கும் உதவும். வெயிலில் போட்டால் ரப்பர் வெடித்துவிடும்.