வாடைக்காற்றில் கொடி எந்தப் பக்கம் பறக்கும்?

பாம்பனிலிருந்து ஒரு படகு மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் நேர் கிழக்கே போகிறது. வடக்கிலிருந்து வரும் வாடைக்காற்று மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் வீசுகிறது. படகில் கட்டிய கொடி எந்தப் பக்கம் பறக்கும்? பிளஸ் ஒன் மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள், "தென்கிழக்கு" என்ற பதில் சட்டென்று வரும். படகையும் காற்றையும் கூட்டிவிட்டார்கள். கொடி பறப்பது தென்மேற்கே.

கொடி அறிவது படகைச் சார்ந்த காற்றை மட்டும்தான். ஆகவே காற்றின் வெக்டரிலிருந்து (வேகத்தின் அளவையும் திசையையும் காட்டும் அம்பு) படகின் வெக்டரைக் கழிக்க வேண்டும். அதாவது படகின் அம்பைத் திருப்பிப் போட்டுக் கூட்ட வேண்டும். தெற்கே 20, மேற்கே 15, இரண்டும் செங்குத்தானவை என்பதால் தொகுபயன், அதாவது கர்ணம், 25. திசை, தெற்கிலிருந்து மேற்காக ஏறத்தாழ 37 பாகை. காற்றே அசையாத நாளிலும் சைக்கிளை மிதித்தால் முகத்தில் காற்று அடிக்கிறதல்லவா? இங்கே மேற்கே போகும் 15 அந்தக் காற்றுதான்.

சிலர் 20-லிருந்து 15-ஐக் கழித்து 5 என்று எழுதுகிறார்கள். இரண்டும் ஒரே திசையில் போனால்தான் அது சரி.

அம்பு வரைவதிலும் ஒரு சறுக்கல் உண்டு. வாடை என்றால் வடக்கிலிருந்து வருவது, அம்பு தெற்கு நோக்க வேண்டும். காற்றுக்கு அது புறப்படும் திசையால் பெயர். நீரோட்டத்தையோ போய்ச் சேரும் திசையால் சொல்கிறோம்.

மதிப்பெண் அதிகம் போவது கால்வாயைக் கடக்கும் கணக்கில். மண்டபத்துக்கும் பாம்பன் தீவுக்கும் இடையே கடல் சுமார் 2 கி.மீ. அகலம். நீரோட்டம் தெற்கே மணிக்கு 6 கி.மீ., நீரைச் சார்ந்து படகின் வேகம் மணிக்கு 10 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அணியத்தை (படகின் முன்முனையை) நேர் கிழக்கே வைத்தால் கரையிலிருந்து பார்ப்பவருக்குப் படகின் வேகம் சுமார் 11.7. உடனே 2-ஐ 11.7-ஆல் வகுத்து, பத்து நிமிடம் என்று முடித்துவிடுகிறார்கள். இது தவறு. படகு அந்த வேகத்தில் போவது சாய்வான பாதையில். அந்தப் பாதையின் நீளம் 2 கி.மீ. அல்ல. அகலத்தைக் கடக்க உதவுவது கிழக்குக் கூறான 10 மட்டுமே. எனவே 12 நிமிடம். அதற்குள் படகு 1.2 கி.மீ. தெற்கே ஒதுங்கியிருக்கும்.

நேர் எதிரே கரையேற வேண்டுமானால் அணியத்தை வடக்கே 37 பாகை திருப்பிப் பிடிக்க வேண்டும். அப்போது கிழக்குக் கூறு 8 ஆகக் குறையும். வினாவில் "குறைந்த நேரத்தில்" என்று இருந்தால் 12 நிமிடம். "நேர் எதிரே" என்று இருந்தால் 15.