பட்டாளத்திலிருந்து அவைக்கு வந்தவரை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தேர்தலில் நிற்கிறார் என்றதுமே அவரைப் பற்றிய கட்டுரை பாதி எழுதப்பட்டுவிடுகிறது. எல்லை, பனி, பதக்கம், கட்டுப்பாடு, நேர்மை. ஜெயித்த பிறகு இருபது வருடம் அவையில் உட்கார்ந்து என்ன செய்தார் என்கிற மீதிப் பாதி பல சமயம் எழுதப்படாமலே போகிறது. வாக்காளருக்கு வேண்டியதோ அந்த மீதிப் பாதிதான். சீருடையில் இருந்தபோது அவர் செய்ததற்கு நாடு நன்றிக்கடன் பட்டிருக்கிறது, அதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் சட்டம் இயற்றும் வேலையில் அவர் எப்படி என்பதை அந்தச் சீருடையைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. இப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதும்போதும் பேசும்போதும் திரும்பத் திரும்ப நடக்கிற சில தவறுகளைப் பார்க்கலாம்.

பதக்கத்தைச் சரியாகப் படிக்காமல் விடுவது

எல்லாப் பதக்கமும் வீரத்துக்குத் தரப்படுவதில்லை. இந்தியாவில் பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா மூன்றும் எதிரிக்கு எதிரே நின்று காட்டிய வீரத்துக்கானவை. அசோக் சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா மூன்றும் எதிரிப் படையுடன் நேருக்கு நேர் மோதாத சூழலில் காட்டிய வீரத்துக்கு. பரம் விசிஷ்ட சேவா, அதி விசிஷ்ட சேவா, விசிஷ்ட சேவா என்கிற வரிசை வேறு. அது சிறந்த பணிக்காகத் தரப்படுவது. சேனா பதக்கம் இரண்டுக்கும் உண்டு, அதனால் எதற்காகக் கொடுத்தார்கள் என்று பார்த்தே ஆக வேண்டும். அதி விசிஷ்ட சேவா பதக்கம் வாங்கிய அதிகாரியை 'வீரப் பதக்கம் பெற்றவர்' என்று எழுதினால், எழுதுபவருக்கு அது சின்னச் சறுக்கலாகத் தெரியலாம். உண்மையிலேயே குண்டுக்கு முன்னால் நின்று பதக்கம் வாங்கியவருக்கும், முப்பது வருடம் பொறுப்பாக வேலை பார்த்து வாங்கியவருக்கும் சேர்த்து இழைக்கிற அநீதி அது.

சொந்தப் பெருமையில் தவறு செய்தவர்களும் உண்டு. அமெரிக்கக் கடற்படையின் ரிசர்வ் பிரிவில் உளவு அதிகாரியாக இருந்த மார்க் கிர்க், 2010-ல் செனட் என்கிற அமெரிக்க மேலவைக்கான தேர்தலில் நின்றபோது, தனக்குக் கிடைத்ததாகச் சொல்லிவந்த விருது அவர் இருந்த பிரிவு முழுவதற்கும் கொடுக்கப்பட்டது என்று தெரியவந்தது. அவரே ஒப்புக்கொண்டார். அந்தத் தேர்தலில் ஜெயிக்கவும் செய்தார். வேட்பாளர் சொல்வதை அப்படியே எடுத்து எழுதுவதில் என்ன ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

பணியில் இருந்தபடியே அரசியல் செய்யலாம் என்று நினைப்பது

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். இந்தியாவில் பணியில் இருக்கும் ராணுவத்தினர் ஓட்டுப் போடலாம்; ஆனால் கட்சிக் கூட்டத்தில் பேச முடியாது, தேர்தலிலும் நிற்க முடியாது. அரசமைப்புச் சட்டத்தின் 102-வது பிரிவு, அரசின்கீழ் ஆதாயம் தரும் பதவியில் இருப்பவரை நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க விடுவதில்லை. பதவியை விட்ட பிறகுதான் எல்லாமே. அமெரிக்காவில் ரிசர்வ், தேசியக் காவல்படை போன்ற பகுதிநேரப் பிரிவுகளில் இருந்துகொண்டே அவை உறுப்பினராக இருந்தவர்கள் உண்டு. அந்த நடைமுறையை இங்கே பொருத்திப் பேசினால் குழப்பம்தான் மிஞ்சும். அப்புறம், ராணுவத்தினரின் படத்தைப் பிரச்சாரத்தில் பயன்படுத்தக் கூடாது என்று தேர்தல் ஆணையம் 2013-லேயே கட்சிகளுக்குச் சொல்லிவிட்டது. 2019 மார்ச்சில் அதையே மறுபடி நினைவூட்டியது. கட்சிக்காரர்கள் இதை மறந்தால் நாமாவது மறக்காமல் இருக்க வேண்டும்.

வீரர் என்றால் ஜெயித்துவிடுவார் என்று எண்ணுவது

அமெரிக்காவின் ஜார்ஜ் மெக்கவர்ன் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டி 35 முறை போருக்குப் பறந்தவர். 1972 அதிபர் தேர்தலில் 49 மாநிலங்களில் தோற்றார். மேஜர் ஜெனரல் புவன் சந்திர கண்டூரி 2012-ல் உத்தராகண்ட் முதல்வராக இருந்துகொண்டே கோட்துவார் தொகுதியில் தோற்றுப்போனார். வாக்காளர் மரியாதையைத் தனியாக வைக்கிறார், ஓட்டைத் தனியாக வைக்கிறார்.

காயத்தையே முழுக் கதையாக்குவது

அமெரிக்க செனட்டர் டாமி டக்வொர்த் பெயரைத் தேடினால் முதலில் வருவது 2004 நவம்பர் 12. ஈராக்கில் அவர் ஓட்டிக்கொண்டிருந்த பிளாக் ஹாக் ஹெலிகாப்டரை ராக்கெட் குண்டு தாக்கியது, இரண்டு கால்களும் போயின. பெரும்பாலான கட்டுரைகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அதற்குப் பிறகு நடந்தவற்றைப் பாருங்கள். 2006-ல் கீழவையான பிரதிநிதிகள் அவைக்குப் போட்டியிட்டுத் தோற்றார். இல்லினாய் மாநிலத்தில் முன்னாள் ராணுவத்தினர் நலத் துறையை நடத்தினார், பிறகு மத்திய அரசில் அதே துறையில் உதவிச் செயலராக இருந்தார். 2012-ல் பிரதிநிதிகள் அவை. 2016-ல் செனட், அப்போது அவர் தோற்கடித்தது மேலே சொன்ன அதே மார்க் கிர்க்கை.

2018 ஏப்ரலில், பதவியில் இருக்கும்போதே குழந்தை பெற்ற முதல் செனட்டர் ஆனார். கைக்குழந்தையோடு அவைக்குள் வர அதுவரை விதி இடம் தரவில்லை. அந்த மாதமே விதியை மாற்றினார்கள். மறுநாள் பத்து நாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சக்கர நாற்காலியில் வந்து ஓட்டைப் பதிவு செய்தார். அதே வருடம் நிறைவேறிய விமானப் போக்குவரத்துச் சட்டத்தில் அவர் சேர்த்த ஒரு பிரிவு உண்டு: பயணிகளின் சக்கர நாற்காலிகள் எத்தனை உடைந்தன, எத்தனை தொலைந்தன என்று விமான நிறுவனங்கள் கணக்குக் கொடுத்தாக வேண்டும். சக்கர நாற்காலி உடைந்தால் அதில் இருப்பவருக்குக் கால் உடைந்த மாதிரி. அந்த அனுபவம் எண்ணிக்கையாக, சட்டமாக மாறிய இடம் இது. காயத்தைப் பற்றி எழுதத்தான் வேண்டும். அது எந்தச் சட்டத்தில் போய்ச் சேர்ந்தது என்று கூடவே தேட வேண்டும்.

மேடைப் பேச்சைப் பார்த்துவிட்டுக் குழு அறிக்கையைப் பார்க்காமல் விடுவது

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். இந்தியாவில் அவையில் ஒருவர் எப்படி ஓட்டுப் போட்டார் என்பதை வைத்து அவர் மனதை அறிவது கஷ்டம். கட்சித்தாவல் தடைச் சட்டத்தால், எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று உத்தரவிடும் கட்சிக் கொறடா சொன்னபடிதான் ஓட்டு. மீறினால் பதவியே போகலாம். பல மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறிவிடுகின்றன. ஆனால் ஒவ்வொரு துறையையும் ஆராயும் உறுப்பினர் குழுவான நாடாளுமன்ற நிலைக்குழுவில் கொறடா உத்தரவு கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கிறார்கள், அறிக்கையை அவையில் வைக்கிறார்கள். ஒரு முன்னாள் ராணுவ அதிகாரி தன் அனுபவத்தை எதற்குப் பயன்படுத்துகிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டுமா, அங்கே போய்ப் பாருங்கள்.

கண்டூரியையே எடுத்துக்கொள்வோம். ராணுவப் பொறியாளர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று, 1991-ல் கர்வால் தொகுதியில் ஜெயித்து மக்களவைக்கு வந்தவர். வாஜ்பாய் அரசில் சாலைப் போக்குவரத்துத் துறையைப் பார்த்துக்கொண்டார். தங்க நாற்கரச் சாலை வேலை வேகமாக நடந்த காலம் அது. அவரைப் பற்றி எழுதுபவர்கள் அந்தச் சாலையோடும் முதல்வர் பதவியோடும் முடித்துக்கொள்கிறார்கள். 2014-க்குப் பிறகு அவர் பாதுகாப்புத் துறை நிலைக்குழுவின் தலைவர். ஆட்சியில் இருந்தது அவருடைய கட்சியான பாரதிய ஜனதாதான்.

2018 மார்ச்சில் அந்தக் குழு தாக்கல் செய்த அறிக்கையை ஒரு முறை படித்துப் பார்க்கலாம். ராணுவத் துணைத் தளபதி குழு முன்னால் வந்து சொன்னது அதில் பதிவாகியிருக்கிறது: கையில் இருக்கும் தளவாடங்களில் 68 சதவீதம் பழசு, 24 சதவீதம் இன்றைய நிலைக்குப் பொருத்தமானது, அதிநவீனம் என்று சொல்லக்கூடியது வெறும் 8 சதவீதம். நவீனமயமாக்கலுக்கு பட்ஜெட்டில் ஒதுக்கியது 21,338 கோடி ரூபாய். ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த 125 திட்டங்கள் உள்ளிட்ட செலவுகளுக்கு மட்டுமே 29,033 கோடி தேவை. அதாவது புதிதாக ஒன்றும் வாங்காவிட்டாலும் பணம் போதாது. சொந்தக் கட்சி ஆட்சியில் இருக்கும்போது இப்படி ஓர் அறிக்கையை அவையில் வைப்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலுக்குப் பதக்கம் எதுவும் கிடையாது.

அந்த வருடம் செப்டம்பரில் குழுக்களை மாற்றியமைத்தபோது தலைவர் பதவி கல்ராஜ் மிஸ்ராவுக்குப் போனது. இரண்டையும் முடிச்சுப் போட்டு 'அதனால்தான்' என்று எழுதுவதும் தவறுதான். இந்தக் குழுக்களின் ஆயுள் ஒரு வருடம், ஒவ்வொரு வருடமும் புதிதாக அமைக்கிறார்கள். நடந்ததை நடந்த வரிசையில் சொன்னாலே போதும், வாசகர் புரிந்துகொள்வார்.

தியாகம் செய்தவரைக் கேள்வி கேட்கக் கூடாது என்று ஒதுங்குவது

அமெரிக்க செனட்டர் ஜான் மெக்கெயின் வியட்நாமில் ஐந்தரை வருடம் போர்க்கைதியாக இருந்தவர். நிதி நிறுவன முதலாளி ஒருவருக்காக ஒழுங்குமுறை அதிகாரிகளைச் சந்தித்துப் பேசிய ஐந்து செனட்டர்களில் அவரும் ஒருவர்; 1991-ல் செனட்டின் நெறிமுறைக் குழு அவருடைய முடிவு சரியில்லை என்று சொன்னது. அவரே அதைப் பின்னாளில் தன் தவறு என்று பேசியிருக்கிறார். சிறையில் இருந்த வருடங்கள் அந்தச் சந்திப்பை அழிக்காது, அந்தச் சந்திப்பு சிறையில் இருந்த வருடங்களை அழிக்காது. இரண்டையும் எழுதுவதுதான் அவருக்கும் மரியாதை.

போர் பார்த்தவர்கள் எல்லாரும் போரை ஆதரிப்பார்கள் என்று முடிவு கட்டுவது

இதற்கு நேர் எதிராக, போர் பார்த்தவர் போரை வெறுப்பார் என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டுமே தப்பு. 1945 ஏப்ரலில் இத்தாலியில் ஒரு வார இடைவெளியில், பின்னாளில் செனட்டர்களான இரண்டு அமெரிக்க இளைஞர்கள் படுகாயம் அடைந்தார்கள். ஏப்ரல் 14-ல் பாப் டோல். வலது கை அவருக்கு வாழ்நாள் முழுக்கச் செயல்படவில்லை. ஏப்ரல் 21-ல் ஜப்பானிய வம்சாவளியினரைக் கொண்ட 442-வது படைப்பிரிவின் டேனியல் இனோயே; அவருக்கு வலது கையே போயிற்று. இருவரும் மிச்சிகனில் ஒரே ராணுவ மருத்துவமனையில் மாதக்கணக்கில் இருந்தார்கள். அங்கே பழக்கமான பிலிப் ஹார்ட்டும் பிறகு செனட்டர் ஆனார். அறுவை மருத்துவராக வேண்டும் என்று நினைத்திருந்த இனோயே சட்டம் படித்தார். ஹவாய் மாநிலமான 1959-லேயே அதன் முதல் பிரதிநிதியாக வாஷிங்டன் போய்விட்டார். அவையில் நுழைய வேண்டும் என்ற யோசனையை மருத்துவமனையில் அவருக்குச் சொன்ன டோல், அதற்கு அடுத்த தேர்தலில்தான் ஜெயித்தார்.

1991 ஜனவரி 12. வளைகுடாப் போருக்கு அனுமதி தரும் தீர்மானம் செனட்டில் 52-க்கு 47 என்று நிறைவேறியது. டோல் ஆதரவு, இனோயே எதிர்ப்பு. ஒரே நாட்டில், ஒரே மாதத்தில், ஒரே பக்கத்துக் கையின் பயனை இழந்தவர்கள். வியட்நாமில் காயம்பட்ட செனட்டர் ஜான் கெர்ரி அன்று எதிர்த்தார், மெக்கெயின் ஆதரித்தார். 2002-ல் ஈராக் போர் அனுமதி வந்தபோது கெர்ரி ஆதரித்தார், இனோயே மறுபடியும் எதிர்த்தார். கட்சி, தொகுதி, வயது, அந்தந்தப் போரின் நியாயம் எல்லாம் சேர்ந்துதான் ஓர் ஓட்டு. காயம் அதில் ஒரு பங்கு. எந்தப் பக்கம் சாய்க்கும் என்று வெளியே இருந்து சொல்லிவிட முடியாது.

இனோயே 2012 டிசம்பரில் இறந்தார். உடல் நாடாளுமன்றக் கட்டடத்தின் பெரிய கூடத்தில் வைக்கப்பட்டிருந்தது. 89 வயது டோல் சக்கர நாற்காலியில் வந்தார். டேனி தன்னைச் சக்கர நாற்காலியில் பார்க்கக் கூடாது என்று சொல்லி, ஒருவர் தாங்கிப் பிடிக்க எழுந்து, பெட்டி வரை நடந்து போனார். இடது கையால் சல்யூட் அடித்தார்.