500 சதவீத டிவிடெண்டும் மச்சான் சொன்ன ரகசியமும்

‘500 சதவீத டிவிடெண்ட்! நாளைக்கே வாங்கிடுங்க’ என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தால், முதலில் அந்தப் பங்கின் முகமதிப்பைப் பாருங்கள், அதாவது பங்கை உருவாக்கும்போது நிறுவனம் அதற்குக் குறித்த மதிப்பை. டிவிடெண்ட் என்பது நிறுவனம் தன் லாபத்திலிருந்து பங்குதாரருக்குத் தரும் தொகை. அதன் சதவீதம் முகமதிப்பின் மேல்தான், சந்தை விலையின் மேல் இல்லை. முகமதிப்பு 2 ரூபாய் என்றால் கிடைப்பது 10 ரூபாய். பங்கு 1,000 ரூபாய்க்கு விற்கிறது என்றால், நூற்றுக்கு ஒரு ரூபாய். இதற்கா இத்தனை ஆச்சரியக்குறி?

அப்புறம் தேதி. டிவிடெண்ட் யாருக்கு என்று நிறுவனம் பட்டியல் பார்க்கும் நாள்தான் ரெக்கார்ட் தேதி. அது வெள்ளி என்றால் வெள்ளியன்று வாங்கிப் பயனில்லை. வியாழன் வாங்கியதுதான் வெள்ளியன்று உங்கள் பங்குக் கணக்கான டீமேட்டில் ஏறும். சரி, வியாழனே வாங்கியாயிற்று. வெள்ளி காலை அந்தப் 10 ரூபாய் விலையிலிருந்து கழிந்துவிடும். சந்தையின் வழக்கமான ஏற்ற இறக்கத்தில் அது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், அவ்வளவுதான். டிவிடெண்டுக்கு 2020 ஏப்ரலிலிருந்து வரி கட்ட வேண்டியவர் நீங்கள். இடது பையிலிருந்து வலது பைக்கு மாற்ற, நடுவில் வரி.

லாபம் கூடியும் பங்கு விழுகிறதே என்று குழம்ப வேண்டாம். சந்தை அதைவிட அதிகம் எதிர்பார்த்திருக்கும்.

பெரிய தவறு வேறு. கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் மச்சான், “இந்தக் காலாண்டு ரிசல்ட் பிரமாதம் மாப்ளே, யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்பார். காலாண்டு முடிந்ததிலிருந்து ரிசல்ட் வெளியாகி 48 மணி நேரம் ஆகும்வரை அவர் தன் நிறுவனப் பங்கைத் தொடக்கூடாது. பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபியின் 2015 விதிகளின்படி, அவர் சொன்னதைக் கேட்டு வாங்கும் நீங்களும் ‘இன்சைடர்’தான், அதாவது உள் ரகசியம் தெரிந்தவர். வெளிவராத டிவிடெண்ட் முடிவுக்கும் இதே கதி. அபராதம் குறைந்தது 10 லட்சம். 25 கோடி அல்லது அடித்த லாபத்தின் மூன்று மடங்கு, எது அதிகமோ அதுவரை போகலாம். நூறு பங்கு வாங்கி நாலாயிரம் சம்பாதிக்க இது தேவையா?

“நான் வாங்கவில்லையே, சொன்னேன், அவ்வளவுதானே” என்பார் மச்சான். அமெரிக்க முதலீட்டு வங்கியான கோல்ட்மன் சாக்ஸின் இயக்குநராக இருந்த ரஜத் குப்தாவும் தானே பங்கு வாங்கியதாக வழக்கில்லை. 2008 செப்டம்பர் 23 அன்று, வாரன் பஃபெட்டின் நிறுவனமான பெர்க்‌ஷயர் அந்த வங்கியில் 500 கோடி டாலர் போடப்போவதை இயக்குநர் குழுவில் கேட்டார். கேட்ட கையோடு, பெரிய முதலீட்டு நிதி நடத்திவந்த ராஜ் ராஜரத்தினத்துக்கு போன் போட்டார். இப்படி ரகசியம் கேட்டுப் பங்கு வாங்கிய, கொழும்பில் பிறந்த தமிழரான ராஜரத்தினத்துக்கு 11 ஆண்டு சிறை. போன் போட்டவருக்கு இரண்டு ஆண்டு.