உறுமியோடு ஒரு வெடிச்சத்தம்

கோலாலம்பூர் செந்தூலில் ஓர் உறுமி மேளக் குழுவைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். ஹெட்போனில் நடுநடுவே ‘படக் படக்’ என்று வெடிப்பு. முதலில், மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸைத்தான் திட்டினேன். கேபிளை மாற்றினேன், ஹப்பைக் கழற்றி நேராக லேப்டாப்பில் செருகினேன். ம்ஹூம்.

பஃபரை, அதாவது லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்துக் கையாளும் ஒலித் துணுக்குகளின் (சாம்பிள்) எண்ணிக்கையை, 128-லிருந்து 512-க்கு ஏற்றியதும் சத்தம் அடங்கியது. ஆனால் 48 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 சாம்பிள்) 128 சாம்பிள் என்பது சுமார் 2.7 மில்லிசெகண்ட் தாமதம், 512 என்றால் 10.7. போக, வர இரண்டும் சேர்ந்தால் 20-ஐத் தாண்டும். தன் குரலே பிந்தி வந்தால் பாடகர் எப்படித் தாளத்தில் நிற்பார்?

அப்புறம், கணினிக்குள் ஒலியைத் தடுப்பது எது என்று காட்டும் லேட்டன்சிமான் மென்பொருளை ஓடவிட்டேன். குற்றவாளி வைஃபை டிரைவர், அதாவது வைஃபையை இயக்கும் மென்பொருள்! வைஃபையை அணைத்ததும் 128-லேயே சுத்தமாக ஓடியது.

அடுத்த லேப்டாப் வாங்க, கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவுக்குப் போனபோது இன்டர்ஃபேஸையும் பையில் போட்டுக்கொண்டேன். ரேம் 16 ஜிபி, சரி, எனக்குப் போதும். கடையிலேயே இன்டர்ஃபேஸை இணைத்து, வைஃபையை அணைக்காமல், பத்து நிமிடம் லேட்டன்சிமானை ஓட்டினேன். “கேம் விளையாடவா அண்ணே?” என்றார் கடைத் தம்பி. முதல் மெஷினில் சிவப்புக் கோடு. இரண்டாவதில் கடைசிவரை பச்சைதான். அதற்கே பில் போடச் சொன்னேன்.