பழைய பித்தளை மெழுகுவர்த்தி ஸ்டாண்டு: வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

கைக்கு வந்ததும் பாலிஷ் போட்டுவிடாதீர்கள். இடுக்குகளில் படிந்த கருமைதான் நமக்குச் சாட்சி. ஒட்டியிருக்கும் மெழுகை மட்டும் வெந்நீர் ஊற்றி இளக்கி, துணியால் துடைத்தால் போதும்.

முதலில் காந்தம். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே வெறும் பித்தளை முலாம். ஒட்டாவிட்டாலும் அடிப்பக்கக் கீறல்களைப் பாருங்கள். சாம்பல் நிறம் தெரிந்தால் அது துத்தநாகக் கலவை.

அடுத்தது தண்டு. நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள். 17-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து சுமார் நூறு வருடம், இங்கிலாந்தில் தண்டை இரண்டு பாதிகளாக வார்த்துப் பற்றவைத்தார்கள். உள்ளே வெற்றிடம் இருப்பதால் பித்தளை மிச்சமாகும். அந்த ஒட்டுக்கோடு இருந்தால் நல்ல அடையாளம். பளிச்சென்ற விளக்கடியில் எவ்வளவு தேடியும் எனக்குக் கோடு தெரியவில்லை. புதியது என்று முடிவு கட்டி ஓரமாக வைத்துவிட்டேன். அப்புறம்தான் வழி தெரிந்தது. மூக்குக்கண்ணாடி துடைக்க வாயால் ‘ஹா’ என்று ஊதுவோமே, அப்படித் தண்டின் மேல் ஊதுங்கள். ஆவி படர்ந்து மறையும் அந்த ஓரிரு நொடியில், மேலிருந்து கீழாக முடி போன்ற ஒரு கோடு தெரியும். எதிர்ப்பக்கமும் அதே நேரே இன்னொன்று. பற்றவைத்த உலோகத்தின் கலவை வேறு என்பதால்தான் தனியாகத் தெரிகிறது.

இதற்கு செல்போன் கேமராவை நான் நம்புவதில்லை, மெல்லிய கோட்டை அது அழித்துவிடுகிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கோடே இல்லை, அடியில் மெழுகுத் துண்டை மேலே தள்ளும் கம்பி இருக்கிறது என்றால், பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டுப் பாணி. அடியில் மரை இருப்பதால் மட்டும் புதியது என்று ஒதுக்காதீர்கள், பழையதிலும் மரை உண்டு.

கூடவே பெட்டி வைத்த கத்தரிக்கோல் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். அது சுடரை அணைக்க அல்ல, கருகிய திரியை நறுக்கி அந்தப் பெட்டிக்குள் பிடிக்க. 1825-இல் காம்பாசெரெஸ் என்ற பிரெஞ்சுக்காரர் பின்னல் திரியைக் கொண்டுவந்தார். அது தானே வளைந்து எரிந்துபோகும், அதனால் கத்தரிக்கு வேலை குறைந்தது. கூம்பு மூடிதான் அணைப்பதற்கு. அதை வைத்து வயது சொல்ல முடியாது.

பின்சேர்க்கை: ஊதியும் கோடு தெரியவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். மேலே லேக்கர் (கறுக்காமல் காக்கும் கண்ணாடி போன்ற பூச்சு) பூசியிருந்தால் அப்படித்தான் ஆகும். அதைச் சுரண்ட வேண்டாம். அடிப்பக்கம் திறந்திருந்தால் சின்ன டார்ச்சை உள்ளே அடித்து, தண்டின் உட்சுவரில் கோட்டைத் தேடுங்கள்.